கோ. நடேசய்யர்: கூலிக் கணக்கைக் குடிக்கணக்காக்கப் போராடியவர்

கல்லூரியில் மக்கள்தொகைப் பொருளியல் பாடம் நடத்திய ஆண்டுகளில், கரும்பலகையில் நான் தவறாமல் எழுதும் அட்டவணை ஒன்று உண்டு. இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என்று குறிக்கப்பட்டோரின் எண்ணிக்கை அது. 1911-இல் ஏறத்தாழ 5.31 லட்சம், 1931-இல் 8.18 லட்சம், 1946-இல் 7.80 லட்சம், 1971-இல் 11.74 லட்சம், 1981-இல் மீண்டும் 8.18 லட்சம். பத்தே ஆண்டுகளில் ஒரு மக்கள்கூட்டம் மூன்றரை லட்சம் குறைந்தது எப்படி என்று மாணவர்களைக் கேட்பேன். பிறப்பு விகிதம், இறப்பு விகிதம் என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போது, ஒப்பந்தங்களைப் பற்றிச் சொல்லிப் பாடத்தை முடிப்பேன்.

தொண்ணூறுகளில் ஒருநாள், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர். நான் எழுதியிருந்த கடைசி இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள கழித்தலில் தன் குடும்பத்தார் ஏழு பேர் இருக்கிறார்கள் என்றார். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, தஞ்சாவூர்க்காரரான எனக்கு நடேசய்யரைப் பற்றி நிறையத் தெரிந்திருக்குமே என்று ஆவலோடு கேட்டார். எனக்கு அந்தப் பெயரே தெரியாது. மலைநாட்டு லயங்களில் அவருடைய பாட்டி சொல்லிக் கேட்ட பெயர் அது. முனைவர் பட்டம் பெற்றவன், காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவன், தன் மாவட்டத்து மனிதரைத் தன் மாணவரிடம் கேட்டறிய நேர்ந்தது. அந்த வெட்கத்தில் தொடங்கிய வாசிப்பின் பயனே இக்கட்டுரை.

கோதண்டராம நடேசய்யர் 1887-இல் தஞ்சாவூரில் பிறந்தார். ஆங்கிலக் கல்வி பெற்று, பள்ளியில் வணிகப் பாடம் கற்பித்தார். 'வர்த்தக மித்திரன்' என்ற வணிக இதழைத் தஞ்சையிலிருந்து நடத்தினார். வரவு செலவுக் கணக்கிலும் வணிக நடைமுறையிலும் ஊறிய மனம் அவருடையது. பின்னாளில் தொழிலாளர் தலைவராக அறியப்பட்ட ஒருவர் கணக்குப் பாடத்திலிருந்து புறப்பட்டார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தோட்டத் தொழிலாளியின் துயரத்தைக் கண்டு இரங்கியவர்கள் பலர் இருந்தார்கள். அந்தத் துயரம் எந்தப் பேரேட்டில், எந்தப் பத்தியில், யாருடைய கையெழுத்தில் உற்பத்தியாகிறது என்று பார்த்தவர்கள் மிகச் சிலர். நடேசய்யர் அவர்களில் ஒருவர்.

1915-ஐ ஒட்டி, தம் இதழ் தொடர்பாகவும் இந்திய வணிகர்களின் அழைப்பை ஏற்றும் அவர் கொழும்பு சென்றார். மலைநாட்டுக்குப் போய்த் தோட்டங்களைப் பார்க்க விரும்பினார். அங்கேதான் முதல் தடை. தோட்டம் என்பது துரையின் தனிச்சொத்து. பல்லாயிரம் பேர் வாழும் இடமாயினும் அங்கே பொதுவழி கிடையாது; அழையாமல் நுழைந்தால் அத்துமீறல் குற்றம். ஆனால் புடவை மூட்டை சுமந்து வரும் வியாபாரியை யாரும் தடுப்பதில்லை. எனவே தஞ்சாவூர்ப் பள்ளி ஆசிரியர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் நுழைந்தார். துணியை விரித்துக்கொண்டே சம்பளம் என்ன, கடன் எவ்வளவு, அரிசி என்ன விலைக்குப் பிடிக்கிறார்கள் என்று விசாரித்தறிந்தார். இக்காலத்தில் கள ஆய்வு என்று நாங்கள் சொல்வதை அவர் அன்றே, அகப்பட்டால் சிறை என்ற நிலையில் செய்திருக்கிறார்.

அவர் கண்டது என்ன என்பதை விளங்கிக்கொள்ள, அந்த மலைகளில் மக்கள் எப்படிக் குடியேறினார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டிச் சீமையில் ஆங்கிலேயர் காப்பி பயிரிட்டனர். காப்பிக்கு ஆள் தேவைப்படுவது பழம் பறிக்கும் மாதங்களில் மட்டுமே. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து ஆண்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் காலராவுக்கும் பட்டினிக்கும் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. பிழைத்தவர்கள் அறுவடை முடிந்து ஊர் திரும்பினார்கள். அக்காலத்தில் அவர்களைத் தற்காலிகமாக வந்து போவோர் என்று சொல்வதில் ஓரளவு பொருள் இருந்தது.

1869-இல் காப்பிச் செடியை இலைத்துரு நோய் தாக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியதும் மக்கள்தொகையின் இயல்பே மாறிவிட்டது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும், குழந்தைகள் அங்கேயே பிறக்கும். 1876-78 தாது வருடப் பஞ்சமும் பெருங்கூட்டத்தைக் கடல் கடத்தியது. வந்து போனவர்கள் இருந்து வாழ்பவர்கள் ஆனார்கள். ஆனால் 'தற்காலிகம்' என்ற சொல்லை மட்டும் யாரும் ஏட்டிலிருந்து அடிக்கவில்லை. 1911 கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிவு முதன்முதலாக வந்தபோது, மலையில் பிறந்து கடலையே பார்த்திராத குழந்தையும் 'இந்தியத் தமிழர்' பத்தியில்தான் சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி கங்காணி முறை. தோட்டத்துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் பிடித்து, கடன் அடைத்து, வழிச்செலவு செய்து அழைத்துவருவார். அந்தச் செலவெல்லாம் தொழிலாளியின் பெயரில் பற்று எழுதப்படும். தொழிலாளி வேறு தோட்டம் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகை கொடுத்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு துரை எழுதித்தரும் சீட்டு அது. கடன் மனிதனோடு போகும். கடனை வாங்குபவர் மனிதனையும் பெறுவார். பொருளியலில் இதைக் கடன்வழிக் கொத்தடிமை என்போம். நமது டெல்டாவின் பண்ணையாள் முறையிலிருந்து தப்பிக் கடல் கடந்தவன் அங்கே கண்டதும் அதன் மறுபதிப்பையே. 1921-இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது; ஆனால் தலைவிதிபோலக் கடன் தொடர்ந்தது.

1920-ஐ ஒட்டி நடேசய்யர் கொழும்பிலேயே தங்கிவிட்டார். 1921-இல் 'தேசநேசன்' பத்திரிகையின் ஆசிரியரானார். 1924-இல் 'தேசபக்தன்' தொடங்கினார். ஆங்கிலத்திலும் இதழ்கள் நடத்தினார். துரைமார் படிக்க வேண்டியதைத் துரைமார் மொழியிலேயே எழுதவேண்டும் என்பது அவர் கணக்கு. தோட்டத்தில் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, லயத்து வாசலில் மற்றவர்கள் கூடிக் கேட்பதற்கு ஏற்ற நடையில் அவருடைய தமிழ் இருந்தது. சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, பெயர் எங்கே பதியப்படுகிறது, சட்டம் எந்த உரிமையைத் தருகிறது என்பனவற்றையெல்லாம் வணிக ஆசிரியர் பாடம் நடத்துவதுபோல் விளக்கினார்.

அதே காலத்தில் ஏ.ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிற்சங்கத்தில் சேர்ந்து அதன் துணைத் தலைவரானார். 1923-இன் கொழும்பு வேலைநிறுத்தமும் 1927-இன் துறைமுக வேலைநிறுத்தமும் அந்தச் சங்கத்தின் வலிமையைக் காட்டின. சிங்களத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் மலையாளத் தொழிலாளரும் ஒரே கொடியின்கீழ் நின்ற அந்தச் சில ஆண்டுகள் இலங்கை வரலாற்றில் அரியவை. ஆனால் இருபதுகளின் இறுதியில் கொழும்பில் வேலை குறைந்தது. குறைந்த வேலைக்குப் போட்டி மிகுந்தபோது, இந்தியத் தொழிலாளியே அதற்குக் காரணம் என்ற பேச்சு குணசிங்கவின் மேடையிலேயே ஒலிக்கத் தொடங்கியது. 1928-இல் நடேசய்யர் பிரிந்தார். முதலாளியிடம் பேசவேண்டிய வேலைப் பிரச்சினையைப் பக்கத்தில் நிற்கும் கூலியாளிடம் திருப்பிவிடுவது எளிது. அதற்கு ஒரு நல்ல தொழிற்சங்கமும் இரையாகலாம் என்பதை அந்தப் பிரிவு காட்டுகிறது.

இதற்குள் அவர் சட்டசபைக்கும் போயிருந்தார். 1925-இல் இந்தியர்களுக்கான இடத்தில் சட்டசபை உறுப்பினரானார். தோட்ட முதலாளிகளும் அவர்களின் நண்பர்களும் நிறைந்த அவையில் ஊதியம், அரிசி, கடன் என்று எண்களை அடுக்கிப் பேசிய தனிக்குரல் அவருடையது. இந்திய அரசின் நெருக்கடியும் இத்தகையோரின் கிளர்ச்சியும் சேர்ந்து 1927-இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தைக் கொண்டுவந்தன. 1929-இல் நடைமுறைக்கு வந்தபோது உயர்மலைத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நிர்ணயிக்கப்பட்டது. கொழுந்தின் பெரும்பகுதியைப் பறித்த பெண்ணுக்கு ஆணைவிட 11 சதம் குறைவு. எனினும், துரையின் விருப்பமாக இருந்த கூலி முதன்முதலாகச் சட்டத்தின் எண்ணாக மாறியது. தெற்காசியாவில் அதற்கு முன் விவசாயக் கூலியாளுக்கு இத்தகைய பாதுகாப்பு அரிது.

1931 தொடக்கத்தில் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத் தொழிலாளருக்கென்று எழுந்த முதல் தொழிற்சங்கம் அதுவே. கூட்டம் நடத்தத் தோட்டத்தில் இடமில்லை. ஆகவே சந்தை நாள்களில் நகரத்துத் தெருக்களிலும் சாலையோரங்களிலும் நடத்தினார்கள். சங்கத்தில் சேர்ந்தவரின் பற்றுச்சீட்டு கிழிக்கப்பட்டது, குடும்பத்தோடு லயத்தை விட்டு வெளியேற்றினார்கள். பெரிய கங்காணிகளும் துரைமாரைப் போலவே அவரை வெறுத்தார்கள். தலைக்காசு வாங்கி வாழ்ந்தவர்களின் வருமானத்தில் அவர் கை வைத்தார் அல்லவா?

இவ்விடத்தில் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளைச் சொல்லாமல் கடக்க முடியாது. கணவரின் இதழ்களில் எழுதினார். பெண்களின் நிலைபற்றிப் பேசினார். தொழிலாளர் அறிந்த மெட்டுகளில் அவர்களுடைய வாழ்வைப் பற்றித் தாமே பாட்டுகள் கட்டி, சிறு பிரசுரங்களாக அச்சிட்டு, கூட்டங்களிலும் தெருக்களிலும் பாடினார். எழுத்தறியாத மக்களிடம் ஒரு சட்டப்பிரிவைக் கொண்டுசெல்ல நீண்ட பேச்சைவிட ஒரு பாட்டு பயன்பட்டது. என் மாணவரின் பாட்டிக்கு நடேசய்யரின் பெயர் நினைவில் இருந்ததற்குச் சட்டசபை உரைகள் காரணமாக இருக்க முடியாது. அந்தப் பாட்டுகளே காரணம் என்று நினைக்கிறேன்.

சம்மேளனம் பிறந்த வேளை நல்ல வேளையன்று. உலகப் பெருமந்தம் தேயிலையின் விலையைச் சரித்தது. சட்டம் தந்த குறைந்தபட்ச ஊதியம் 1932-33-இல் அதே சட்டத்தின் வழியாகவே குறைக்கப்பட்டது. வேலையிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் மண்டபம் முகாம் வழியே திருப்பி அனுப்பப்பட்டார்கள். நான் முதலில் சொன்ன அட்டவணையில் 1931-க்கும் 1946-க்கும் இடையே எண்ணிக்கை குறைந்திருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. இலண்டன் ஏலச் சந்தையில் தேயிலை ஏறினால் திருச்சி மாவட்டத்தில் ஆள் பிடிப்பார்கள், இறங்கினால் கப்பலேற்றுவார்கள். ஒரு மக்கள்தொகையே சரக்குக் கையிருப்பைப்போல் ஏற்றி இறக்கப்பட்டது. ஊதியக் குறைப்பை எதிர்த்து நடேசய்யர் ஓயாமல் போராடினார், வெல்லவில்லை. சம்மேளனமும் சில ஆண்டுகளில் நலிந்தது.

ஆனால் வேறொரு கதவு திறந்திருந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931-இல் இலங்கைக்கு வயதுவந்தோர் அனைவருக்குமான வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவிலேயே அது முன்னோடி ஏற்பாடு. தோட்டத் தொழிலாளரில் 40 முதல் 50 விழுக்காட்டினர் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்கள் என்று அந்த ஆணைக்குழு மதிப்பிட்டது. அவர்களுக்கும் வாக்கு என்றபோது கண்டிச் சிங்களத் தலைவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை முற்றிலும் பொய் என்று தள்ள மாட்டேன். தங்கள் மலைச்சரிவுகளைத் தோட்டங்களுக்காக அரசு எடுத்துக்கொண்டதைக் கண்ட உழவர்கள், இப்போது வாக்குப் பெட்டியிலும் சிறுபான்மையாகிவிடுவோமோ என்று கலங்கினார்கள். நிலத்தை எடுத்தவர் துரை. ஆனால் கண்ணுக்கு எதிரே நின்றவர் தமிழ்க்கூலி. விளைவாக, இந்தியர்களுக்கு மட்டும் நிரந்தர வசிப்பிட நிரூபணம் என்ற நிபந்தனை வந்தது.

1936-இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கு நடேசய்யர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த பதினோர் ஆண்டுகள் அவர் செய்த பணிகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதே மிகப் பெரியது என்பது என் கருத்து. தொழிலாளர் ஒவ்வொருவரின் பெயரும் வாக்காளர் பட்டியலில் ஏற வேண்டும், வசித்த ஆண்டுகளுக்குச் சான்று வேண்டும், பிறந்த குழந்தையின் பதிவு கையில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்திக்கொண்டே இருந்தார். 'பிரட்டு'க் களத்தில் காலையில் எண்ணப்படுவது ஆளின் கை. வாக்காளர் பட்டியலில் எண்ணப்படுவது ஆள். இந்த வேறுபாட்டை வாழ்நாள் முழுதும் சொன்னவர் அவர்.

எதிர்க்காற்றும் வலுத்தது. 1937-இல் கிராமசபைத் தேர்தலில் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கில்லை என்று சட்டம் வந்தது. இந்தியத் தொழிலாளரின் வரவால் உள்நாட்டவரின் வேலை பெருமளவில் பறிபோகவில்லை என்று ஜாக்சன் அறிக்கை 1938-இல் கூறியும், அதைக் கேட்பார் இல்லை. 1939-இல் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலி வேலையிலிருந்த இந்தியர்களை வெளியேற்றத் தொடங்கியது. பதிலுக்கு இந்திய அரசு அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. நூறாண்டுக் குடிபெயர்வு அத்துடன் முடிந்தது. அதன்பின் மலைநாட்டில் பெருகியவர்கள் அங்கேயே பிறந்தவர்கள்தாம்.

அதே 1939-இல் நேரு இலங்கை வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. சௌமியமூர்த்தி தொண்டமான் முதலிய புதிய தலைமுறை எழுந்தது. தனிவழி நடந்து பழகிய நடேசய்யர் அந்த அமைப்போடு ஒன்றவில்லை. எதிலும் தாமே ஆசிரியர், தாமே தலைவர் என்ற இயல்பு அவரிடம் இருந்தது. தமக்குப் பின் சங்கத்தை நடத்தும் வரிசையை அவர் வளர்க்கவில்லை. இதை அவர் குறையாகவே கொள்ள வேண்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டுத் தொகுதிகளைக் கைப்பற்றியது, நடேசய்யர் தோற்றார். அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் நாள் காலமானார். வயது அறுபது.

அடுத்து நடந்ததைப் பார்க்காமல் அவர் போனது அவருக்கு நல்லதா, அவர் மக்களுக்குக் கேடா என்று சொல்லத் தெரியவில்லை. 1946 கணக்கெடுப்பின்படி இந்தியத் தமிழர் 7.80 லட்சம், இலங்கைத் தமிழரோ 7.33 லட்சம்தான். நாட்டின் மக்கள்தொகையில் ஒன்பதில் ஒருவர் என்ற அளவில் இருந்த அந்த மக்கள், 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ முழுவதுமாக நாடற்றவர்கள் ஆனார்கள். தந்தையோ, பாட்டன் முப்பாட்டன் இருவருமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது அச்சட்டம். லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. சான்று, பதிவு, பட்டியல் என்று நடேசய்யர் ஏன் அத்தனை பிடிவாதமாக இருந்தார் என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் செய்தார்கள். 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1.5 லட்சம் பேரை 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் சரிபாதியாகப் பிரித்தார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இவ்வாறு இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபத்தில் பதிவு செய்துகொண்டு, நீலகிரி அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறு ஊர்களுக்கும் சிதறியவர்கள்தாம் என் அட்டவணையின் கழித்தல். 1981-இல் சிலர் தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொண்டதும் அக்குறைவில் ஒரு பகுதி. பார்த்தறியாத தாயகத்துக்குத் திரும்பியவர்கள் என்று அரசு ஏடு அவர்களைக் குறித்தது. எண்பதுகளில் போர் மூண்டு கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டோடு பல்லாயிரவர் அங்கேயே தங்க நேர்ந்தது. அங்கே எஞ்சிய நாடற்றோரின் பிரச்சினைக்கு இலங்கை நாடாளுமன்றம் முழுத் தீர்வு கண்டது 2003-இல்தான்.

இவர்களைப் போலவே கப்பலேறித் தென் அமெரிக்கக் கரையில் இறங்கியவர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1838 முதல் 1917 வரை பிரிட்டிஷ் கயானாவுக்குச் சென்ற இந்திய ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 2.39 லட்சம். சென்னைத் துறைமுகம் வழியே போன தமிழர்களும் அவர்களுள் உண்டு. 1873 முதல் டச்சுக்காரரின் சூரிநாமுக்கும் இந்தியர் போனார்கள். அவர்கள் பட்ட பாடும் இதற்குச் சளைத்ததன்று. இனப்பூசலும் அங்கே உண்டு. ஆனால் கயானாவில் அவர்களின் வழிவந்தோர் குடிமக்களாயினர், நாட்டின் தலைமைப் பொறுப்பும் ஏற்றனர். கரும்புத் தோட்டத்திலிருந்து ஊர் திரும்ப மாதக்கணக்கில் கடற்பயணம் வேண்டும். ஆகவே அவர்களை 'வந்து போகிறவர்கள்' என்று யாரும் நம்ப முடியவில்லை. இலங்கையோ ஓரிரவுப் பயணம். அருகில் இருந்ததே வினையாயிற்று. திருப்பி அனுப்புவது எளிது என்று தோன்றும் இடத்தில், அனுப்பலாம் என்ற எண்ணம் சாகாமல் இருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பின் நான் திருப்பனந்தாளில் வசிக்கிறேன். காலை நடைக்கு மண்ணியாற்றுப் பக்கம் போகும்போது, சில ஆண்டுகளாக நடவுக் காலத்தில் புதிய காட்சி ஒன்றைக் காண்கிறேன். மேற்கு வங்கத்திலிருந்து வந்த இளைஞர்கள் வரிசையாக நின்று நாற்று நடுகிறார்கள். முகவர் ஒருவர் அவர்களைக் கூட்டி வருகிறார். ஏக்கருக்கு இவ்வளவு என்று அவரோடுதான் பேச்சு. ஆளுக்கு எவ்வளவு போகிறது என்று நிலக்காரருக்குத் தெரியாது. மோட்டார் கொட்டகையிலோ களத்து மேட்டிலோ படுத்துக்கொள்கிறார்கள். நம் ஆட்களின் வேலை போகிறது என்ற முணுமுணுப்பு தேநீர்க் கடையில் கேட்கிறது. நம் ஆட்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள் என்று மற்றொருவர் பதில் சொல்கிறார். கங்காணி, முன்பணம், கொழும்புத் துறைமுகத்துப் போட்டி என்று நான் படித்தவை அத்தனையும் வேறு உடையில் என் வாசலுக்கு வந்திருப்பதாகவே தோன்றுகிறது. இவர்கள் வந்து போகிறவர்கள்தாம், ஐயமில்லை. காப்பிக் காலத்துத் தமிழர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளரைப் பதிவு செய்ய 1979-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டமும் இருக்கிறது. வயலில் நிற்கும் ஒருவரின் பெயர், ஊர், கூலி ஆகியவற்றை ஊராட்சி அளவில் ஏட்டில் ஏற்றுவது முடியாத காரியமன்று. ஏட்டில் ஏறாத ஆளின் கூலியைக் கேட்க ஒருவர் புடவை வியாபாரி வேடம் போட வேண்டியிருக்கும்.

இன்னொரு கடனும் நமக்கு உண்டு. தமிழகத்து முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுள், தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் பெயர்ந்து, 1983-க்குப் பின் அங்கிருந்து கடல் கடந்து வந்த மலையகத்தாரும் இருக்கிறார்கள். அவர்களின் பாட்டன்மார் நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். இங்கே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் குடியுரிமைக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களின் மனுக்களைத் தனித்தனியே எடுத்து முடிவு சொல்ல வேண்டிய பொறுப்பு ஒன்றிய அரசுக்கு உண்டு. அதை வலியுறுத்திக் கேட்கும் பொறுப்பு நமக்கு உண்டு.

பழைய தமிழில் மக்கள்தொகைக் கணக்கைக் குடிமதிப்பு என்று எழுதுவார்கள். குடியும் மதிப்பும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. தஞ்சாவூரில் பிறந்து ஹட்டனில் பொதுவாழ்வு நடத்திய அந்த வணிக ஆசிரியருக்கு அவர் பிறந்த மாவட்டத்துப் பிள்ளைகளின் பாடநூலில் ஒரு பக்கமாவது ஒதுக்கலாம். கோத்தகிரி மாணவரிடம் நான் கேட்டறிந்ததைத் தஞ்சை மாணவர்கள் தம் வகுப்பிலேயே படித்தறியட்டும்.